எந்தப் பிழையைப் பொறுக்கும் அயர்ன் உங்களுக்கு வேண்டும்?

கோல்ஃப் கடைக்குள் நுழைந்தால் முதலில் கையில் தருவது 7 அயர்ன். அயர்ன் என்பது உலோகத் தலை கொண்ட கிளப் (மட்டை); எண் கூடக் கூட முகம் அதிகம் சாய்ந்திருக்கும், பந்து போகும் தூரம் குறையும். வலைக்குள் நாலு பந்து அடித்ததும் திரையில் 165 யார்டு என்று வரும். வீட்டிலிருக்கும் பழைய 7 அயர்ன் 148-ஐத் தாண்டியதில்லை. அந்த 17 யார்டைப் பார்த்ததுமே மனசு பில் போடும் மேசைக்குப் போய்விடுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு உலோகம் செய்த வித்தை இல்லை. கிளப்பின் முகத்தைப் பழைய 5-க்கும் 6-க்கும் நடுவே வருகிற அளவுக்கு நிமிர்த்திவிட்டு, அடியில் 7 என்று பொறித்த வித்தை. பிழை பொறுக்கும் அயர்னை, அதாவது அடி நடுவில் படாவிட்டாலும் அதிகம் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கிளப்பை, தேடிப் போனவர் தூரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

ஹேண்டிகேப் 10-க்கும் 20-க்கும் இடையில் இருந்துகொண்டு, அதைக் குறைக்க ஒழுங்காக ரேஞ்சுக்கு (பயிற்சித் திடலுக்கு) போகிற பெங்களூர்க்காரர்களை மனதில் வைத்தே இங்கே பேசுகிறோம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: ஹேண்டிகேப் என்பது கோர்ஸின் கணக்கைவிட நீங்கள் எத்தனை அடி கூடுதலாக எடுக்கக்கூடியவர் என்பதைச் சொல்லும் எண். 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஆக, அது உங்கள் நல்ல நாளின் எண். கிளப் வாங்கும்போது நினைக்க வேண்டியது மிச்சமுள்ள 12 ஆட்டங்களை.

காவடியும் கேவிட்டியும்

தோளில் தண்ணீர்க் காவடி சுமப்பவரை நினைத்துப் பாருங்கள். குடங்கள் தண்டின் இரு முனையிலும் தொங்கினால் அவர் சட்டென்று திரும்ப முடியாது. தண்டு மெதுவாகத்தான் சுழலும். அதே குடங்களைத் தோளருகே நெருக்கிக் கட்டினால் ஒரு விரலால் தள்ளினாலும் சுழன்றுவிடும். எடை மாறவில்லை, எடை இருக்கும் இடம்தான் மாறியது. சுழற்றலுக்கு ஒரு பொருள் காட்டும் இந்த எதிர்ப்புக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பள்ளியில் பெயர் படித்திருப்போம். கோல்ஃப் கடையில் எம்ஓஐ என்பார்கள்.

அயர்னின் முகத்தில் நடுவைவிட்டு நுனிப்பக்கம், அதாவது டோ பக்கம் பந்து பட்டால், தலை அந்த நொடியில் திரும்பிக்கொடுக்கும். பந்துக்குப் போக வேண்டிய வேகத்தில் ஒரு பங்கு தலையைத் திருப்புவதில் கரையும். திசையும் கொஞ்சம் விலகும். பிளேடு என்கிற மெல்லிய பழைய பாணி அயர்னில் எடை முழுக்க நடுவின் பின்னால் திரண்டிருக்கும். அது தோளருகே கட்டிய குடம். பின்பக்கத்தைக் குடைந்து, மிச்சமான உலோகத்தை ஓரங்களுக்குத் தள்ளினால் கிடைப்பது கேவிட்டி பேக். அது முனையில் தொங்கும் குடம். நடுவில் பட்ட அடிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அரை அங்குலம் தள்ளிப் பட்ட அடியில்தான் வேறுபாடு தெரியும்.

இந்த யோசனையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர். பந்து சரியாகக் குழியில் விழாத கடுப்பில் 1959-ல் எடையை இரு ஓரங்களுக்கும் தள்ளிய ஒரு பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கிளப்பை) தானே செய்தார். அடிக்கும்போது அது எழுப்பிய 'பிங்' என்ற ஒலிதான் நிறுவனத்தின் பெயரானது. அதே கணக்கை அயர்ன்களிலும் போட்டார். 1982-ல் வந்த பிங் ஐ2 செட் இன்றும் சிலரின் பையில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது இட வலப் பிழை. மேல் கீழ்ப் பிழையைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் நடுத்தர ஆட்டக்காரரின் அடி அதிகம் வீணாவது அங்கேதான். ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். கோல்ஃப் பந்தின் குறுக்களவு குறைந்தது 42.67 மி.மீ. தரையில் கிடக்கும் பந்தின் மையம் 21 மி.மீ. உயரத்தில் இருக்கும். முகம் சாய்ந்திருப்பதால் பந்தைத் தொடும் புள்ளி மையத்துக்கும் கீழே, 7 அயர்னில் 13 மி.மீ. வாக்கில் அமையும். நன்றாக ஆடுபவர் பந்தை அடித்த பிறகு தரைக்குள் இறங்கி டிவட் (புல்லோடு பெயரும் மண்துண்டு) எடுப்பதால், பந்து அவருடைய முகத்தில் சற்று மேலே படும். புல்லை மேலாகப் பெருக்குவது போல அடிப்பவருக்கு அந்த 13 மி.மீ.தான். அவர் அயர்னின் எடைமையம் 20 மி.மீ. உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு அடியும் மையத்துக்குக் கீழேதான் படும். கை அதிரும், பந்து தாழ்ந்து ஓடும். இதைத்தான் 'தின்' அடி என்கிறோம் (பெயர் அப்படியிருந்தாலும் பந்து எதையும் தின்பதில்லை, நம் ஸ்கோரைத்தான்). இவருக்கு வேண்டியது எடைமையம் தாழ்ந்திருக்கும் தலை. அடிப்பாகம் தடித்து, முகம் உயரம் குறைந்து, சிலவற்றில் கீழே டங்ஸ்டன் துண்டு பதித்துச் செய்வது எல்லாம் இதற்காகத்தான்.

மூன்றாவது, பந்துக்கு முன்பே தரையில் இறங்கும் ஃபேட் அடி. இங்கே எம்ஓஐ ஒரு உதவியும் செய்யாது. உதவக்கூடியது சோல், அதாவது தரையைத் தொடும் அடிப்பகுதி மட்டும். குறுகிய சோல் கத்தி போல மண்ணுக்குள் போகும். அகன்ற சோல் படகின் அடி போல வழுக்கும். முன்விளிம்பு கொஞ்சம் மழுங்கலாக உருட்டப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. தோண்டுபவரைத் தரை பொறுத்துக்கொள்ளும், ஸ்கோர் கார்டு பொறுக்காது.

பெங்களூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஃபேர்வே (புல் வெட்டிய ஆடுபாதை) ஈரமாக இளகியிருக்கும். அகன்ற சோல் அப்போது வரம். பிப்ரவரி, மார்ச்சில் அதே செம்மண் இறுகிவிடும். சோல் மிக அகன்று, பவுன்ஸும் (முன்விளிம்பைவிட சோல் தாழ்ந்திருக்கும் கோணம்) கூடுதலாக இருந்தால் அது இறுகிய தரையில் பட்டு எம்பி, விளிம்பு பந்தின் நடுவில் மோதும். ஃபேட்டுக்கு மருந்தாக வாங்கியது தின்னில் கொண்டுபோய் விடும். ஆகவே ஒன்றரை விரல் அகலத்துக்கு மேல் போகிற சோலை, செங்குத்தாகத் தோண்டுகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நடுத்தர அகலமும், பின்விளிம்பு சீவப்பட்ட வடிவமும் வருஷம் முழுக்க ஒத்துவரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் விளம்பரம் எழுதியது போல ஆகிவிடும். முகம் திறந்தபடி வந்து, நடுவிலேயே பட்டு, வலப்பக்கம் வளைந்து போகிற ஸ்லைஸை எந்தக் கேவிட்டியும் பொறுக்காது. அடி நடுவில்தானே பட்டது, திருத்த அங்கே என்ன இருக்கிறது? ஆஃப்செட் மட்டும் ஓரளவு உதவும். முகத்தை ஷாஃப்டின் (கிளப்பின் தண்டு) கோட்டிலிருந்து சில மி.மீ. பின்னுக்குத் தள்ளி வைப்பதுதான் ஆஃப்செட். பந்தைத் தொடுவதற்குள் முகம் மூடிக்கொள்ள ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் பிழை இடப்பக்கம் என்றால் அதே ஆஃப்செட் உங்களை இன்னும் இடப்பக்கம் தள்ளும். "பிழை பொறுக்கும் அயர்ன்தானே, எல்லாருக்கும் ஆகும்" என்று நண்பருடைய செட்டை அப்படியே வாங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கழுத்துப் பக்கம், ஹீலில் பட்டு ஷாங்க் ஆகிறவர்களுக்கும் தலையை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. பந்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் பிழை எது?

இதைக் கண்டுபிடிக்கச் செலவு ஒரு வெள்ளைப்பலகை மார்க்கர். 7 அயர்னின் முகத்தைத் துடைத்து, மார்க்கரால் மெல்லியதாகப் பூசுங்கள். அடித்தால் பந்து பட்ட இடத்தில் மை அழிந்திருக்கும். முகத்தைப் போனில் படம் எடுத்துவிட்டு, துடைத்து, மறுபடி பூசி அடுத்த பந்து. இருபது பந்து போதும். சோம்பலாக இருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டியும் செய்யலாம். பட்ட இடம் தெரியும், ஆனால் அந்த அடியின் தூரத்தை நம்ப வேண்டாம்.

இதைக் கூடுமானவரை புல்லில் செய்யுங்கள். ரேஞ்சின் பாய் பெரிய பொய்யன். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னாலேயே இறங்கினாலும் கிளப் பாயில் வழுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடும். ஃபேட் நல்ல அடி போலத் தெரியும். பாய்தான் கிடைக்கும் என்றால் பந்துக்கு நான்கு அங்குலம் பின்னால் ஒரு சின்னத் துண்டை மடித்துப் போடுங்கள். துண்டு பறந்தால் அது ஃபேட்.

இருபது படங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கொத்து தெரியும். டோ பக்கம் பரவியிருந்தால் நீளமான தலையும் உயர்ந்த எம்ஓஐயும் தேவை. முகத்தின் அடிவரிகளில் கொத்தாக இருந்தால் எடைமையம் தாழ்ந்த தலை. துண்டு அடிக்கடி பறந்தால் சோல். கொத்து ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, பந்து மட்டும் வலப்பக்கம் போகிறதா? செட் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். இப்போதைய அயர்ன் போதும்.

லாஃப்ட் கணக்கு

லாஃப்ட் என்பது முகத்தின் சாய்வுக் கோணம். நம் சந்தையில் காணும் இரண்டு செட்டை எடுத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் வகையைச் சேர்ந்த டைட்டிலிஸ்ட் டி100-ல் 7 அயர்ன் 34 டிகிரி, பிட்சிங் வெட்ஜ் (9 அயர்னுக்கு அடுத்து வரும், இன்னும் சாய்ந்த கிளப்) 46. பிழை பொறுக்கும் வகையைச் சேர்ந்த பிங் ஜி430-ல் 7 அயர்ன் 29, பிட்சிங் வெட்ஜ் 41. ஐந்து டிகிரி என்றால் ஒரு கிளப்புக்கும் மேல். ஏமாற்று வேலை என்று இதைத் திட்டுபவர்கள் உண்டு. அது முழு நியாயமில்லை. எடைமையம் தாழ்ந்து பின்னுக்குப் போனால் பந்து தானாகவே உயர எழும். பழைய லாஃப்டோடு விட்டால் வானத்தைத் தொட்டுவிட்டுக் குறைந்த தூரத்தில் விழும். அதனால் லாஃப்டைக் குறைத்தே ஆக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த லாஃப்டில் உங்கள் வேகத்துக்குப் பந்து போதிய உயரம் எழுகிறதா?

திரையில் கேரிக்கு (பந்து தரையைத் தொடும்வரை பறந்த தூரம்) பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று உச்ச உயரம், இன்னொன்று இறங்கும் கோணம். 7 அயர்னுக்கு இறங்கும் கோணம் 45 டிகிரியை ஒட்டி இருந்தால் பந்து கிரீனில் (குழி இருக்கும் மழித்த புல்தரை) விழுந்து நிற்கும். 38, 39 என்று வந்தால் 165 யார்டு என்பது வெறும் பெருமை. விழுந்த பந்து பின்பக்க பங்கர் (மணல்குழி) வரை ஓடும். கொடி எங்கே, பந்து எங்கே என்று கேட்டால் பை சுமக்கும் கேடி அண்ணன் பதில் சொல்லாமல் மணல் சீவும் ரேக்கைக் கையில் எடுப்பார். சுழற்சியையும் பாருங்கள். அயர்னின் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வருவது, 7-க்கு நிமிடத்துக்கு 7000 சுற்று, பழைய கட்டைவிரல் கணக்கு. இன்றைய நிமிர்ந்த லாஃப்டில் 5500 வந்தால் பரவாயில்லை. 4500-க்குக் கீழே இறங்கினால் அந்தத் தலை உங்களுக்கு இல்லை, அல்லது ஷாஃப்ட் தவறு.

லாஃப்ட் நிமிர்ந்ததன் விலையைச் செட்டின் இரு முனையிலும் கொடுக்க வேண்டியிருக்கும். கீழ் முனையில்: பிட்சிங் வெட்ஜ் 41 என்றால், பழைய 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் அதற்கும் நடுவே 15 டிகிரி பள்ளம். 46, 51 என்று இரண்டு வெட்ஜ் நிரப்ப வேண்டும். கடையில் சொல்லும் செட் விலையில் இவை பெரும்பாலும் சேராது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேல் முனையில்: 5 அயர்ன் 22 டிகிரிக்கு வந்துவிடுகிறது. பழைய நாளில் அது 3 அயர்னின் சாய்வு, கிளப்பில் யாருக்கும் பிடிக்காத கம்பு. நடுத்தர வேகத்தில் அதை எழுப்புவது கடினம். 5-ஐயும் 6-ஐயும் பத்துப் பத்து முறை அடித்து, கேரி வித்தியாசம் 8 யார்டுக்கும் குறைவாக வந்தால் 5 அயர்னை வாங்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு ஹைபிரிட்டோ (அயர்னுக்கும் பருத்த தலை உட்டுக்கும் இடைப்பட்ட கிளப்) 7 உட்டோ உயரமாகவும் மென்மையாகவும் கொண்டுபோய் இறக்கும்.

14 கிளப்புக்கு மேல் பையில் வைக்க விதி அனுமதிக்காது. டிரைவர், 3 உட், 5 உட், ஒரு ஹைபிரிட், 6-லிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை ஐந்து, 46, 51, 56, பட்டர். எண்ணினால் 13. ஒன்று காலியாக இருப்பது நல்லதுதான். எந்தத் தூரத்தில் தடுமாறுகிறீர்கள் என்று மூன்று மாதம் ஆடித் தெரிந்துகொண்ட பிறகு நிரப்பலாம்.

குடும்பங்கள்

பிளேடை விட்டுவிடுவோம். அதற்கு அடுத்தது டி100 போன்ற ஆட்டக்காரர் கேவிட்டி. தலை சிறியது, சோல் குறுகல், ஆஃப்செட் குறைவு. ஹேண்டிகேப் 10-ஐ நெருங்கி, மார்க்கர் சோதனையில் கொத்து சின்னதாக வருபவர்கள் மட்டும் பார்க்கலாம். மறுமுனையில் சூப்பர் கேம் இம்ப்ரூவ்மென்ட் எனப்படும் பருத்த தலைகள். பாதி ஹைபிரிட் போலவே இருக்கும். வேகம் மிகக் குறைந்தவர்களுக்கு அவை பொருத்தம்.

நடுத்தர ஹேண்டிகேப்காரரின் உண்மையான தேர்வு இடையிலுள்ள இரண்டுக்குள்தான். ஒன்று கேம் இம்ப்ரூவ்மென்ட்: ஜி430, மிசுனோவின் ஹாட் மெட்டல் வரிசை போன்றவை. இன்னொன்று பிளேயர்ஸ் டிஸ்டன்ஸ்: டெய்லர்மேடின் பி790 போன்றவை. உலோகம் நிறையாத கூடான உடலும் மெல்லிய முகமும், பார்வைக்குப் பிளேடு போன்ற ஒல்லி உருவமும் கொண்டவை. இரண்டாவதைத்தான் எல்லாரும் விரும்புகிறார்கள், அழகாக இருப்பதால். அழகுக்கு மதிப்பில்லை என்று சொல்லமாட்டோம். பந்தின் பின்னால் வைத்ததும் கண்ணுக்குப் பிடிக்காத கிளப்பை யாரும் தளர்வாக வீசுவதில்லை. ஆனால் மெல்லிய துள்ளல் முகத்தில் ஒரு குணம் உண்டு. மழைக்கால ஈரப் புல்லில், முகத்துக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீர் சிக்கினால், சுழற்சி அறுந்து பந்து எதிர்பார்த்ததைவிட 15 யார்டு கூடப் பறந்துவிடும். ஃபிளையர் என்பார்கள். எல்லா அயர்னிலும் இது நடக்கும், நிமிர்ந்த லாஃப்டும் துள்ளும் முகமும் சேர்ந்ததில் இன்னும் தாராளமாக நடக்கும். 1876-ல் தொடங்கிய பெங்களூரு கோல்ஃப் கிளப் போல, ஊர் நடுவே மரங்களுக்கிடையில் நெருக்கமாக அமைந்த கோர்ஸில் கூடுதலாகப் போகும் 15 யார்டு பரிசு இல்லை, தண்டனை.

இரண்டு குடும்பத்தையும் கலந்து, நீள அயர்ன்கள் பருத்தவை, குட்டை அயர்ன்கள் ஒல்லியானவை என்று வாங்குவது நல்ல யோசனை. லாஃப்டைப் பார்க்காமல் கலந்தால் மட்டும் ஓட்டை விழும். ஜி430-ன் 7-க்கு (29) அடுத்து டி100-ன் 8-ஐ (38) வைத்தால் நடுவில் 9 டிகிரி; ஏறக்குறைய 20 யார்டுக்குக் கிளப்பே இருக்காது. எண்ணை மறந்துவிட்டு 4, 5 டிகிரி இடைவெளியில் லாஃப்டை அடுக்குங்கள்.

அடித்துப் பார்க்கும்போது

உங்கள் பழைய 7 அயர்னையும், கோர்ஸில் நீங்கள் ஆடும் அதே பந்தில் மூன்றையும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கிளப்பிலும் 10 அடி. நான்கு கிளப்புக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். கை களைத்த பிறகு வரும் எண்களுக்குப் பொருளில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைத் தடுக்க வேண்டும். மோசமான அடி விழுந்ததும் பக்கத்தில் நிற்பவர் உதவியாக அதைத் திரையிலிருந்து அழித்துவிடுவார். "விடுங்க சார், அது கணக்கில்லை." அதுதான் கணக்கு! பிழை பொறுக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் பிழையை அழித்துவிட்டால் எதைப் பார்ப்பது? முழு ஷாங்க் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பிறகு சராசரியைப் பார்க்காதீர்கள், பரப்பைப் பாருங்கள். ஒரு கிளப் 160, 158, 161, 141, 159, 138 என்று போகிறது, இன்னொன்று 150, 151, 147, 144, 149, 143 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதன் சராசரி 153, அடுத்ததற்கு 147. முதலாவதில் குறைந்ததற்கும் கூடியதற்கும் 23 யார்டு இடைவெளி. 150 யார்டு தள்ளியுள்ள கிரீனுக்கு முன்னால் தண்ணீர் இருந்தால் அந்த இரண்டு குறைந்த அடிகளும் தண்ணீரில். இரண்டாவதில் இடைவெளி 8 யார்டு. ஒரு கிளப் கூட எடுத்தால் எல்லாப் பந்தும் கரை சேரும். வாங்க வேண்டியது இரண்டாவதை. இட வலப் பரப்பையும் அப்படியே பாருங்கள்.

7-ஐ மட்டும் அடித்துவிட்டு முழு செட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். எந்தச் செட்டிலும் 7 நன்றாகத்தான் இருக்கும், காட்டுவதற்கென்றே இருக்கும் கிளப் அது. செட்டின் மிக நீளமான அயர்னையும், பிட்சிங் வெட்ஜில் 60 யார்டு அரை வீச்சையும் கேட்டு வாங்கி அடியுங்கள். பருத்த சோலின் அசௌகரியம் அந்த அரை வீச்சில்தான் தெரியவரும்.

ஷாஃப்ட், லை, பழைய செட்

ஷாஃப்டில் விறைப்பைக் காட்டும் எழுத்தைவிட (ரெகுலருக்கு R, விறைப்பான ஸ்டிஃபுக்கு S) எடை முக்கியம். டைனமிக் கோல்ட் எஸ்300 போன்ற எஃகு ஷாஃப்ட் 130 கிராம், நிப்பான் என்.எஸ். ப்ரோ 950 ஜிஹெச் 100 கிராமுக்கும் உள்ளே. கிராஃபைட் 60-லிருந்து 80 வரை. பதினாலாவது ஹோலுக்கு மேல் அடிகள் குட்டையாகி வலப்பக்கம் போக ஆரம்பித்தால் ஷாஃப்ட் கனம் என்று சந்தேகப்படலாம். ரெகுலரா ஸ்டிஃபா என்பதற்கு, 7 அயர்ன் கேரி 150-ஐ ஒட்டிய இடத்தை எல்லையாக வைத்துத் தொடங்கி, அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீசும் வேகத்தைவிட, மேலிருந்து இறங்கத் தொடங்கும்போது கை காட்டும் அவசரம் இதில் அதிகம் விளையாடும். முழங்கை வலி உள்ளவர்கள், வாரம் முழுக்கப் பாயில் அடிப்பவர்கள் கிராஃபைட்டுக்கு வயதைக் காரணம் பார்க்க வேண்டாம்.

லை கோணத்துக்கும் (ஷாஃப்டுக்கும் தரைக்கும் இடையிலுள்ள கோணம்) மார்க்கரே போதும். பந்தின் மேல் செங்குத்தாக ஒரு கனத்த கோடு போட்டு, கோடு முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதிந்த கோட்டின் தலை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் நிமிர்ந்திருக்கிறது, வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். ஹீல் பக்கம் சாய்ந்தால் தட்டையாக இருக்கிறது, வலப்பக்கம். லாஃப்ட் கூடக் கூட இதன் விளைவும் கூடும்: 46 டிகிரி வெட்ஜில் லை 2 டிகிரி தவறினால் 110 யார்டில் பந்து 4 யார்டு விலகும். ஃபோர்ஜ் செய்த மென் எஃகுத் தலையை வளைத்துச் சரிசெய்யலாம். கடினமான வார்ப்புத் தலைகளில் ஓரிரு டிகிரிக்கு மேல் வளைக்க யாரும் துணியமாட்டார்கள், சிலவற்றை வளைக்கவே முடியாது. அப்படிப்பட்ட செட் என்றால் வாங்கும்போதே சரியான லையில் கேட்டு வாங்க வேண்டும். கிரிப்பைப் பற்றி ஒன்றுதான்: இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரல்களின் நுனி உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட்டால் அளவு சரி.

புது செட் லட்சத்தைத் தொட்டுவிடுவதால் பழையது தேடுவது புத்திசாலித்தனம்தான். எம்ஓஐ வயதாகிக் குறைவதில்லை. ஐந்து வருடப் பழைய செட் இன்றும் அதே பிழையைப் பொறுக்கும். 8, 9 அயர்ன்களின் வரிப்பள்ளங்களை நகத்தால் கீறிப் பாருங்கள். விளிம்பு நகத்தைப் பிடிக்க வேண்டும். கழுத்தில் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் துரு, விரிசல், வளையம் நகர்ந்த தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். முந்தையவர் ஷாஃப்டை வெட்டியிருக்கலாம்: சாதாரணமாக 7 அயர்ன் 37 அங்குலத்தை ஒட்டி இருக்கும். போலிகளும் உலவுகின்றன. அதற்குச் சமையலறை டிஜிட்டல் தராசு நல்ல சாட்சி. எண் ஏற ஏற ஷாஃப்ட் குறைந்தாலும் தலை ஏழு கிராம் வாக்கில் கனப்பதால், 6, 7, 8, 9 என்று முழுக் கிளப்பின் எடை சீராகக் கூடிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒன்று சறுக்கினால், அல்லது தாறுமாறாகத் தாவினால், ஷாஃப்ட் மாற்றியிருக்கிறார்கள் அல்லது செட்டே போலி.

வாங்கி வந்ததும் ஒவ்வொரு கிளப்பின் கேரியையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஊர் பெயரையும் குறியுங்கள். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே. காற்று மெலிந்திருப்பதால் பந்து சுமார் 3 சதவீதம் கூடப் பறக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் சென்னையில் ஒரு ரவுண்டு ஆடினால், இங்கே 150 போன அதே 7 அயர்ன் அங்கே 145-ல் இறங்கிவிடும். கிளப்பைக் குறை சொல்ல வேண்டாம், 6-ஐ எடுங்கள்.